மூட்டை தூக்கும் சோறு... நாற்காலி வேலை! மணவாள நகரில் தொப்பை ஏறும் ரகசியம்

மணவாள நகர்,

“முன்னே சாப்பிட்டதைத்தான் இப்பவும் சாப்பிடறேன். ஒரு கவளம் கூடச் சேர்க்கலை. அப்புறம் எங்கேருந்து வந்துது இந்தத் தொப்பை?”

மணவாள நகர் டீக்கடை பெஞ்சுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் கடை முதலாளியாக இருக்கலாம். தினமும் திருவள்ளூர் ஸ்டேஷனில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போகும் குமாஸ்தாவாக இருக்கலாம். ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாக்டரி தொழிலாளியாகவும் இருக்கலாம்.

பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சாப்பாடு மாறவில்லை. ஆனால் வேலை மாறிவிட்டது!

அப்பா வயலில் சேறு மிதித்தார். அண்டை போட்டார். நெல் மூட்டையைத் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றினார். மகன் பாக்டரியில் பட்டனைத் தட்டுகிறார். மூட்டையை போர்க்லிப்ட் தூக்குகிறது. அப்பா சைக்கிளில் போன தூரத்துக்கு மகன் மோட்டார் சைக்கிளில் போகிறார். மேல்நல்லாத்தூர் பக்கம் மண் வாரும் ராட்சச எந்திரங்களே தயாராகின்றன. நூறு பேர் மண்வெட்டியோடு செய்த வேலையை ஓர் எந்திரம் செய்கிறது. ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

தட்டில் விழும் சோறு மட்டும் அப்பா காலத்து அளவு!

மிச்சம் எங்கே போகும்? இடுப்பைச் சுற்றித்தான்.

40 சதவீதம்!

இது நாலு பேர் டீக்கடையில் பேசி முடிக்கும் சமாசாரம் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல சர்வேயின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். ஆண்களில் 37 சதவீதம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு இன்னும் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி! அதற்கு வழி போட்டுக் கொடுப்பவற்றில் முக்கியமானது இந்த இடுப்புச் சதை.

சரி, ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுதான் வேண்டும்? அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் பெயர் கலோரி.

இரண்டு குடம் வெந்நீர்

கலோரி என்றதும் ஏதோ மாத்திரை, டானிக் என்று நினைக்க வேண்டாம். அது வெறும் சூடு. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு சக்தி வேண்டுமோ, அது நாம் பேச்சில் சொல்லும் ஒரு கலோரி. புத்தகத்தில் கிலோ கலோரி என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றே.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,100 கலோரி போதும். அந்தச் சூட்டை வைத்து 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிடலாம். அதாவது பெரிய குடமாக இரண்டு குடம்! நம் வயிற்று அடுப்பு தினமும் அவ்வளவு விறகு எரிக்கிறது.

அதில் பெரும்பங்கு சும்மா படுத்துக் கிடந்தாலே செலவாகும். இதயம் அடிக்க வேண்டும். மூச்சு இழுக்க வேண்டும். மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓட வேண்டும். அதற்கு மேல் செலவாவதுதான் வேலைக் கணக்கு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவது முக்கியமாக அங்கேதான்.

குன்னூரில் பிறந்த கணக்கு

நம் நாட்டில் இந்தக் கணக்கைப் போடும் நிலையம் இப்போது ஐதராபாத்தில் இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். ஆனால் அது பிறந்த இடம் நம்ம குன்னூர்! 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் அங்கே ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1958-ல் நிலையம் ஐதராபாத்துக்குப் போனது. 1960-களில் அதற்கு டைரக்டராக இருந்து பெயர் வாங்கிக் கொடுத்த டாக்டர் சி.கோபாலனும் சேலத்தில் பிறந்தவர்தான்.

இந்த நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கு இது:

65 கிலோ எடையுள்ள ஆண்: உட்கார்ந்த வேலை என்றால் 2,110 கலோரி. நடுத்தர உழைப்பு என்றால் 2,710. கடும் உழைப்பு என்றால் 3,470.

55 கிலோ எடையுள்ள பெண்: உட்கார்ந்த வேலைக்கு 1,660. நடுத்தர உழைப்புக்கு 2,130. கடும் உழைப்புக்கு 2,720.

கர்ப்பிணிக்கு இதற்கு மேல் 350 கலோரி. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 கலோரி கூடுதல்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 2010-ல் இதே நிறுவனம் உட்கார்ந்த வேலை ஆணுக்கு 2,320 என்று எழுதியிருந்தது. பத்து வருஷத்தில் 210 கலோரியை வெட்டிவிட்டார்கள்! பெண்ணுக்கு 1,900 என்று இருந்ததில் 240 வெட்டு. உட்கார்ந்த வேலை என்பது முன்னைவிட அதிகமாக உட்கார்ந்தே கிடப்பது என்று நிபுணர்களே ஒப்புக்கொண்ட கணக்கு இது. ஆணின் நடுத்தர உழைப்புக்கும் கடும் உழைப்புக்கும் 20 கலோரி மட்டுமே குறைந்தது.

வெட்டு விழுந்தது நாற்காலிக்குத்தான்!

வயசு மேலே பழி போடாதீங்க!

“நாப்பது தாண்டிட்டா தொப்பை தானா வரும் சார்” என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் சமாதானம்.

அது அவ்வளவு சரியில்லை. 2021-ல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400 பேருக்கு மேல் பரிசோதித்திருந்தார்கள். ஒரு விசேஷத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதித்து, உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை இது.

முடிவு என்ன தெரியுமா? உடம்பின் அளவுக்குத் தகுந்தபடி பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்த அடுப்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் எரிகிறது! அதற்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது.

ஆக, நாற்பது வயதுத் தொப்பைக்கு வயது மட்டும் ஜாமீன் தராது. நின்றுபோன நடையும் நிற்காத பஜ்ஜியும் கூண்டில் ஏறியாக வேண்டும்.

உங்க கணக்கை நீங்களே போடுங்க

பேனா, பேப்பர் போதும்.

முதலில் உயரம். அதை மீட்டரில் எழுதி, அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததை 22-ஆல் பெருக்குங்கள். அது உங்கள் உயரத்துக்குப் பொருத்தமான எடை. ஐந்தடி ஐந்தங்குல ஆள் 1.65 மீட்டர். 1.65-ஐ 1.65-ஆல் பெருக்கினால் 2.72. அதை 22-ஆல் பெருக்கினால் 60 கிலோ.

அடுத்து, அந்த 60-ஐ வேலையால் பெருக்க வேண்டும். மேலே சொன்ன நிறுவனத்தின் எண்களை எடையால் வகுத்தால் வரும் வாய்ப்பாடு இது:

ஆண் என்றால் உட்கார்ந்த வேலைக்கு 32, நடுத்தர உழைப்புக்கு 42, கடும் உழைப்புக்கு 53.

பெண் என்றால் 30, 39, 49.

கல்லாவில் உட்காருபவர், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர், டிரைவர் எல்லாம் முதல் வகை. நாள் பூரா நின்று நடந்து வேலை செய்பவர், அசெம்பிளி லைனில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தும் தண்ணீர் தூக்கி, துணி துவைக்கும் பெண் நடுத்தர வகை. லோடுமேன், சித்தாள், கையால் மண் வெட்டுபவர் கடும் உழைப்பு வகை.

இங்கே ஒரு கண்டிஷன். தொப்பை உள்ளவர் இப்போது இருக்கும் எடையைப் போட்டுப் பெருக்கக் கூடாது. இருக்க வேண்டிய எடையைத்தான் போட வேண்டும். கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. தசை மாதிரி அது அவ்வளவாக எரிப்பதில்லை.

60 கிலோ இருக்க வேண்டிய குமாஸ்தாவுக்கு 60-ஐ 32-ஆல் பெருக்கினால் 1,920 கலோரி. அவ்வளவுதான் அவர் பங்கு!

ஒரு நாள் வரவு செலவு

ஓர் உதாரணத்துக்கு ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். உயரம் 1.65 மீட்டர். எடை 78 கிலோ. வயது 40. அவர் ஒரு நாள் பூரா என்ன சாப்பிடுகிறார்?

காலையில் டீ. பால் 60 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. மொத்தம் 100.

நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார் 410.

பதினோரு மணி டீ, ஒரு வடை 220.

மத்தியானம் 150 கிராம் அரிசி வடித்த சோறு, சாம்பார், பொரியல், அப்பளம், மோர் 800.

நாலு மணி டீ, இரண்டு பஜ்ஜி 280.

ராத்திரி மூன்று புரோட்டா, சால்னா 900.

எல்லாம் சுமார்க் கணக்கு. கடைக்குக் கடை, எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். கூட்டினால் 2,710!

இந்த எண் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ஆம்! நடுத்தர உழைப்பாளிக்கு நிபுணர்கள் எழுதிக் கொடுத்த அதே 2,710. நாள் முழுக்க நின்று உழைப்பவரின் சாப்பாட்டை நம் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி சாப்பிடுகிறார்.

புரோட்டா இல்லாத ராத்திரி இட்லி, தோசை என்றால் 400-ல் முடியும். அன்றைக்கு மொத்தம் 2,210. அதுவும் அவர் பங்கைவிட 290 அதிகம்.

குற்றவாளி யார்?

இப்போது விசாரணைக்கு வருவோம். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது சோற்றைத்தான். “ராத்திரி சோத்தை நிறுத்திட்டேன்” என்பார்கள். நிறுத்திவிட்டு மூன்று புரோட்டா சாப்பிடுவார்கள்!

கணக்கைப் புரட்டிப் பாருங்கள். மூன்று டீயில் விழும் ஆறு ஸ்பூன் சர்க்கரை 120 கலோரி. ஒரு வடை, இரண்டு பஜ்ஜி 300 கலோரி. இது சாப்பாட்டுக் கணக்கில் வருவதே இல்லை. “சும்மா ஒரு டீ” என்றுதான் பேர்.

நம் குமாஸ்தா டீயில் சர்க்கரையை நிறுத்துகிறார். வடை, பஜ்ஜிக்குப் பதில் 120 கலோரிக்குச் சுண்டல் வாங்கிச் சாப்பிடுகிறார். புரோட்டாவை எப்போதாவது ஒரு நாள் என்று வைத்துக்கொள்கிறார். வேறு எதையும் தொடவில்லை. 2,210-ல் 300 போனால் 1,910. கணக்கு நேராகிவிட்டது! மத்தியானச் சோறு ஒரு பருக்கை குறையவில்லை.

எண்ணெய்தான் பெரிய கை. ஒரு கிராம் மாவுச் சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்திலும் 4. ஒரு கிராம் எண்ணெயில் 9! கல்லில் ஊற்றும் ஒரு மேஜைக் கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒன்றரை இட்லிக்கு மேல்.

இன்னொரு பேர்வழி இருக்கிறார். சாராயம். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. 180 மில்லி குவார்ட்டர் பாட்டிலில் ஆல்கஹால் மட்டும் 400 கலோரிக்கு மேல். புரதம் கிடையாது, சத்து கிடையாது. தொட்டுக்கொள்ளும் மிக்சர், சிக்கன் பொரியல் கணக்கு தனி. “நான் ராத்திரி சாப்பிடறதே இல்லை, ஒரு கட்டிங்தான்” என்பவர் தொப்பைக்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டாம்.

நடந்தால் கரையாதா?

கரையும். ஆனால் வியாபாரம் கொஞ்சம் நஷ்ட வியாபாரம். 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி கரையும். ஒரு டீ, ஒரு வடையின் 220 கலோரியைக் கரைக்க நாலு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்! வாயை மூடுவது ஐந்து நிமிட வேலை. நடப்பது ஒரு மணி நேர வேலை.

அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி, மனசு எல்லாவற்றுக்கும் நடை நல்லது. எடை குறைந்தபின் திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதும் நடைதான். ஆனால் காலையில் நடந்துவிட்டு நேரே போண்டாக் கடையில் நிற்பவர், நடந்ததைவிட இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

மளிகை நோட்டு சொல்லும் சாட்சி

ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்க்க யாருக்கு நேரம்? அதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மளிகை நோட்டு!

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல், ஒரு நாளைக்கு 2,000 கலோரித் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. தானியம் 250 கிராம். பருப்பு வகை அல்லது முட்டை, மீன், கறி 85 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். பால், தயிர் 300 மில்லி. வேர்க்கடலை, எள் போன்றவை 35 கிராம். எண்ணெய் 27 கிராம்.

இதைப் பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டுக்கு 30 நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அரிசி, கோதுமை, ரவை எல்லாம் சேர்த்து 30 கிலோ. இட்லி அரிசியும் இதற்குள்தான்.

எண்ணெய் மூன்றரை லிட்டர். நெய், வனஸ்பதி உட்பட!

துவரை, உளுந்து, கடலை, பயறு, முட்டை, மீன் எல்லாம் சேர்த்து 10 கிலோ.

சர்க்கரை தலைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள். வெல்லத்தையும் சேர்த்து, மாதம் 3 கிலோவைத் தாண்டக் கூடாது.

இப்போது போன மாத நோட்டை எடுங்கள். எண்ணெய் ஐந்து, ஆறு லிட்டர் என்று எழுதியிருக்கிறதா? அங்கேதான் தொப்பை பதுங்கியிருக்கிறது. பருப்பு மூன்று கிலோவில் நிற்கிறதா? அங்கேதான் பலம் ஓட்டை வழியே போகிறது. இது கணவன், மனைவி சண்டை போட அல்ல. மளிகைக் கடையில் லிஸ்ட் கொடுக்கும்போது ஒரு வரியை மாற்ற!

சர்க்காரும் இதே மாதிரிதான் கணக்குப் போட்டது. 1979-ல் மத்திய சர்க்கார் நிபுணர் குழு வறுமைக் கோட்டை ரூபாயில் தொடங்கவில்லை, கலோரியில் தொடங்கியது. கிராமத்தில் தலைக்கு 2,400, நகரத்தில் 2,100. சின்னக் குழந்தை முதல் கிழவர் வரை சேர்த்த சராசரி அது. குடும்பங்கள் வாங்கும் பண்டத்தை வைத்தே கலோரியைக் கூட்டினார்கள்.

ஒரு பவுண்டு அரிசி

தொப்பைக்காரர் கணக்கு தப்பினால் வியாதி. உழைப்பாளி கணக்கு தப்பினால்? அதற்குச் சாட்சி சென்னை ராஜதானியின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நிவாரண வேலைக்கு வந்தார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில்தான் வெட்டப்பட்டது.

1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரி வந்தார். செலவைக் குறைக்க வேண்டும் என்று, மண் வெட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். இந்தச் சோற்றில் உழைக்கிறவன் உயிர் நிற்காது என்று எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூலி உயர்ந்தது.

இன்றைய கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டு அரிசி 450 கிராம். அதில் சுமார் 1,600 கலோரி. மண் வெட்டும் ஆணுக்கு வேண்டியது 3,470. பாதிகூட இல்லை!

அமெரிக்காவில் மினசோட்டா யுனிவர்சிடியில் 1944-45-ல் ஒரு பரிசோதனை நடந்தது. ஆரோக்கியமான 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்குக் கிடைத்ததும் ஒரு நாளைக்கு 1,600 கலோரிக்குப் பக்கம்தான். எடையில் கால் பங்கு போனது. பலம் போனது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. மறுபடி சாப்பாடு கிடைத்ததும் முன்னால் இருந்ததைவிட அதிகக் கொழுப்பு ஏறியது!

பத்து நாளில் பத்து கிலோ என்று பட்டினி கிடப்பவர்கள் கடைசி வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

தொப்பை இல்லாத பட்டினி

இந்தத் தொழிற்பேட்டைகளில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் அறை எடுத்தும் ஹாஸ்டலில் தங்கியும் ஷிப்டு போகும் இளம் பெண்கள். அவர்கள் கணக்கு தலைகீழ்.

50 கிலோ பெண் நாள் பூரா நின்று வேலை செய்தால் 50-ஐ 39-ஆல் பெருக்கி 1,950 கலோரி வேண்டும். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டீ, பிஸ்கட். மத்தியானம் கேண்டீன் சாப்பாடு. ராத்திரி அசதியில் கொஞ்சம். கூட்டினால் 1,400-ஐத் தாண்டுவதே கஷ்டம். தினமும் 550 கலோரி கடன்! தலைசுற்றல், மயக்கம், முடி கொட்டுதல் என்று வட்டியும் வந்து சேர்கிறது.

குடும்பநல சர்வே இதையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குண்டாக இருக்கும் பெண்ணுக்கும் ரத்தசோகை இருக்கலாம். கலோரி நிறைந்தால் சத்து நிறைந்ததாக அர்த்தமில்லை. முருங்கைக் கீரை, பயறு, வேர்க்கடலை, முட்டை எல்லாம் வேண்டும்.

ஒரே வீட்டில் அண்ணன் குறைக்க வேண்டும், தங்கை கூட்ட வேண்டும். நடப்பது என்ன? அண்ணனுக்கு இரண்டாம் தடவை சோறு வைப்பார்கள். தங்கைக்குச் சட்டியில் மிஞ்சியது!

இஞ்ச் டேப் எடுங்க!

எடை மெஷின் இல்லாதவர் தையல்காரரின் இஞ்ச் டேப்பை வாங்கித் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், முப்பத்தொன்றரை அங்குலம். அதைத் தாண்டினால் சர்க்கரை, பிரஷர் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எடை மெஷின் இருப்பவர், கிலோவை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கலாம். 23-ஐத் தாண்டினால் அதிக எடை. 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கோடு 25, 30. நமக்குக் கொஞ்ச எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

கலோரிக் கணக்கு போட்டாயிற்று. அது சரியா தப்பா என்று யார் தீர்ப்புச் சொல்வது? தராசுதான்! வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், அதே மெஷினில் ஏறுங்கள். ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்குவது தண்ணீர்க் கணக்கு, பயப்பட வேண்டாம். மூன்று, நாலு வாரம் பார்த்தும் எடை அசையவில்லை என்றால், எங்கோ கணக்கில் வராத வடை இருக்கிறது. ஒரு 200 கலோரி குறையுங்கள்.

மாதம் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ இறங்கினால் போதும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நம் 78 கிலோ குமாஸ்தாவின் உடம்பு இப்போது எரிப்பது நாளைக்கு 2,250 கலோரிக்குப் பக்கம். அவர் 1,920-ல் நின்றால் மாதம் 10,000 கலோரி குறையும். ஒரு கிலோவுக்கு மேல் போகும். எடை இறங்க இறங்க வேகமும் குறையும். அது இயற்கை. அவசரப்பட்டால் மினசோட்டா கதைதான்!

டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர், இன்சுலின் போடுபவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாரும் இந்தக் கணக்கை வைத்துத் தாங்களாகக் குறைக்கக் கூடாது. முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினால் அது சந்தோஷச் செய்தி இல்லை. சர்க்கரையா, காசமா, தைராய்டா என்று பார்த்தாக வேண்டும்.

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரி 2022 முதல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாகிவிட்டது. மணவாள நகர்க்காரருக்கு அது எட்டும் தூரம்தான்.

தாது வருஷத்தில் யாரோ ஓர் அதிகாரி நம் ஜனங்களின் வயிற்றுக்கு அளவு போட்டார். இன்றைக்கு அந்த அளவுப்படி உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வேலை எதுவோ, அதற்குத் தகுந்த சோறு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஆரம்பிக்க நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னால், அங்கேயே 40 கலோரி மிச்சம்!